கதைக்குக் கணக்கு எதற்கு?

"கதைதானே! அதற்குப் போய்க் கணக்குப் பார்க்கலாமா?"

இப்படிக் கேட்கின்றனர் நண்பர்கள். கேட்பவர் எழுத்தறியாதார் அல்லர். பட்டம் பெற்றோர், பாடம் நடத்துவோர், அவர்களிலே சிலர் இயற்பியல் கற்பிப்போரும்கூட! படக்கொட்டகையை விட்டு வெளியே வருகிறோம். மாவீரன் ஒருவன் மலையுச்சியிலிருந்து குதித்தான், மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தான், மாற்றாரை நோக்கி நடந்தான். கண்டோம், களித்தோம், கை சிவக்கத் தட்டினோம். வெளியே வந்ததும் ஒரு தோழன் மெல்லக் கேட்டுவிடுகிறான், "அத்தனை உயரத்திலிருந்து குதித்தவனுடைய முழங்கால் என்ன ஆகியிருக்கும்?" என்று. அவ்வளவுதான்! "போதுமய்யா உன் ஆராய்ச்சி! படம் பார்க்க வந்தாயா, பரீட்சை எழுத வந்தாயா?" என்று பாய்கின்றனர் அவன்மீது. பாவம், அவனும் ஏதோ பெரும்பிழை செய்துவிட்டவன்போலத் தலை குனிந்து கொள்கிறான்.

நானும் அப்படிப் பாய்ந்தவன்தான், ஒரு காலத்தில். பாய்வதை ஏன் விட்டேன் என்பதை முதலிலே சொல்லிவிடுகிறேன்.

என் அக்காள் மகனுக்கு அப்போது 11 வயது. தொலைக்காட்சியிலே ஒரு பழைய ஆங்கிலப் படம். 1964இல் வெளிவந்த 'மேரி பாப்பின்ஸ்'. நங்கை ஒருத்தி, விரித்த குடையைக் கையில் பிடித்தபடி, முகிலிலிருந்து மெல்ல மெல்ல, மலர் உதிர்வதுபோல், நகரத்துத் தெருவில் வந்திறங்குவாள். பார்த்தான் பையன். பார்த்தவன் என்னிடம் வந்தான். "மாமா, குடையைப் பிடித்துக்கொண்டு குதித்தால் மெதுவாக இறங்கலாமா?" என்றான். நான் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். கண்ணை எடுக்கவில்லை. "சினிமாவுக்கெல்லாம் கணக்குப் பார்க்கக் கூடாது, போ!" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் பிற்பகல், பாட்டனாருடைய கறுப்புக் குடையோடு மொட்டைமாடியிலிருந்து குதித்தான் பையன். கணுக்கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டோடு படுத்திருந்தவன் அருகே சென்று, "ஏனடா இப்படிச் செய்தாய்?" என்றேன், மாமனுக்குரிய அதிகாரத்தோடு. "முடியாது என்று நீங்கள் சொல்லவில்லையே, மாமா!" என்றான்.

சொல்லவில்லைதான். சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அன்றிரவே உட்கார்ந்து கணக்கிட்டேன். மாடியின் உயரம் 4 மீட்டர். குடையே இல்லாமல் குதித்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர். பையன் 30 கிலோ எடை. குடையின் குறுக்களவு ஒரு மீட்டர். அது பிடிக்கும் காற்று முக்கால் சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். அந்தக் குடையோடு குதித்தால்? மணிக்கு 31 கிலோமீட்டர்! பாட்டன் குடையால் பையன் பெற்ற பயன் ஒரே ஒரு கிலோமீட்டர். அதுவும் குடை மடங்கிக் கவிழாமல் நின்றிருந்தால். நோகாமல் இறங்க வேண்டுமாயின் 15 சதுர மீட்டர் துணி வேண்டும்; அத்தகைய குடைகள் ஏறத்தாழ இருபது! பத்து நிமிடத்திலே, ஒரு தாளிலே முடிந்துவிட்ட கணக்கு இது. பத்து நிமிடச் சோம்பல், ஒரு பிள்ளையின் காலை முறித்தது. "கதைக்குக் கணக்கு எதற்கு?" என்ற அழகான மொழியை அன்றோடு நான் பேசுவதில்லை.

இனி, எதிர்வாதம் செய்வோரின் பக்கத்தையும் கேட்போம். கேட்காமல் தீர்ப்பளிப்பது நம் வழக்கமன்று. அவர் சொல்வது என்ன? "கற்பனை என்பது சிறகு. கணக்கு என்பது கத்தரிக்கோல். சிறகைக் கத்தரித்துவிட்டுப் பறவையை ரசி என்கிறாயே!" என்பது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. கத்தரிக்கோல்தானா கணக்கு என்பதைப் பார்த்துவிடலாம்.

2017இல் வெளிவந்த 'பாகுபலி 2' படத்தைப் பார்க்காதவர் நம்மில் மிகச் சிலரே. இறுதிப்போர். மகிழ்மதிக் கோட்டை. மதிலோ வானளாவி நிற்கிறது. வெளியே நிற்கும் வீரர்கள் என்ன செய்கின்றனர்? நெடிய பனைமரங்களைக் கயிற்றால் இழுத்து வளைக்கின்றனர். வளைந்த மரமுடியிலே கேடயங்களோடு தொற்றிக்கொள்கின்றனர். கட்டு விடுபடுகிறது, மரம் நிமிர்கிறது, வீரர்கள் கேடயங்களைச் சுற்றிலும் பிடித்து ஒரு பந்தாகத் திரண்டு, விண்ணிலே பறந்து, மதிலைத் தாண்டி, கோட்டைக்குள்ளே விழுகின்றனர். விழுந்த மறுகணம் வாளும் கையுமாக எழுந்து போரிடுகின்றனர்!

கொட்டகை குலுங்கியது. நானும் கைதட்டினேன், மறைப்பானேன்? இல்லம் திரும்பியபின் கணக்கிட்டேன். அதையும் மறைக்கவில்லை.

மரத்திலிருந்து அவர்கள் விழுந்த இடம்வரை 100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு தொலைவு செல்ல வேண்டுமானால், மிக வசதியான 45 பாகைச் சாய்விலே எறிந்தாலும், நொடிக்கு 31 மீட்டர் வேகம் தேவை. மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல்! மரமுடி 10 மீட்டர் தொலைவு நகர்ந்து இந்த வேகத்தை ஊட்டுகிறது என்றால், வீரன் தன் எடையைப்போல் ஐந்து மடங்கு விசையைத் தாங்க வேண்டும். தாங்கலாம். தலை சுற்றும், கண் இருளும், உயிர் போகாது. போர் விமானம் ஓட்டுவோர் இதனினும் அதிகம் தாங்குகின்றனர். ஆகவே, பலரும் நினைப்பதுபோல், பறந்து சென்றதிலே பெரிய பொய் இல்லை. பொய் எங்கே இருக்கிறது? விழுந்த இடத்திலே!

மேலே எழுந்த வேகத்தோடுதானே கீழே வருகிறான்? வந்தவன் கல் பாவிய தரையிலே, கேடயமும் உடலும் கசங்குகிற அந்த ஒரு மீட்டருக்குள் நின்றாக வேண்டும். பத்து மீட்டரில் பெற்ற வேகத்தை ஒரு மீட்டரில் இழக்கிறான். எனவே விசை பத்து மடங்கு பெருகுகிறது. தன் எடையைப்போல் ஐம்பது மடங்கு! 70 கிலோ வீரன், அந்தக் கணத்தில் 3,500 கிலோவாகத் தன்னையே நசுக்கிக்கொள்கிறான். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்திலே காரை ஓட்டிச் சென்று சுவரிலே மோதியவன், கதவைத் திறந்து, வாளை உருவிக்கொண்டு வருவானா? கேடயம் காக்காதோ என்பீர்கள். கேடயம் அம்பைத் தடுக்கும். தன்னைப் பிடித்திருப்பவனுடைய வேகத்தைத் தடுக்காது.

மரத்தின் கதையையும் கேளுங்கள். கேடயங்களோடு ஆறு வீரர் என்றால் 500 கிலோவாவது இருக்கும். அந்தப் பாரத்தை அந்த வேகத்திலே எறிய வேண்டுமானால், முழுதும் வளைந்த நிலையில் மரத்தை 5 டன் அளவு விசையோடு இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். வளைவதற்கென்றா பிறந்தது பனை? வளைவதற்குப் பிறந்தது மூங்கில். எனக்கு அந்தப் படக்குழுவில் வேலை கிடைத்திருந்தால் மூங்கில் தோப்பைத்தான் காட்டியிருப்பேன்.

பார்த்தீர்களா, கத்தரிக்கோல் என்றார்களே! அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. நிற்கும் தொலைவு ஒரு மீட்டராக இருந்தால் ஐம்பது மடங்கு. ஐந்து மீட்டராக இருந்தால் பத்து மடங்குதான்! அடிபடுவான், ஆனால் பிழைப்பான். கோட்டைக்குள்ளே ஐந்து மீட்டர் ஆழத்திற்கு வைக்கோற்போர் இருந்திருந்தால் போதும். அதை அங்கே குவித்தது யார்? முந்தைய வாரமே குதிரை லாயக்காரன் வேடத்தில் உள்ளே நுழைந்த ஒற்றன்! எந்த நேரத்தில், எந்த இடத்தில் குவித்தால் காவலர் ஐயுறமாட்டார்? குவித்த போர் ஒன்றிலே பகைவன் தீ வைத்துவிட்டால்? கணக்கு ஒரு காட்சியைக் கெடுத்ததா, மூன்று காட்சிகளைக் கொடுத்ததா? நீங்களே சொல்லுங்கள்.

இங்கே இன்னொரு வகையினரையும் சந்திக்க வேண்டியிருக்கிறது. நம்மவர் எடுத்த படம் என்றால் மட்டும் கணக்கேட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வெள்ளையர் எடுத்த படம் என்றால் வாய்பிளந்து வியப்பார்கள். பனைமரத்தைக் கேலி செய்து படம் போட்டு ஊரெங்கும் அனுப்பியவர்களுக்குச் 'சூப்பர்மேன்' இனிக்கிறது! 1978இல் வந்த அந்தப் படத்தில், உயர்ந்த கட்டடத்தின் உச்சியில் விபத்துக்குள்ளான ஹெலிகாப்டரிலிருந்து ஒரு பெண் விழுகிறாள். கீழிருந்து மேல்நோக்கிப் பறந்துவந்த வீரன் அவளைக் கைகளில் ஏந்திக்கொள்கிறான். காதல் பிறக்கிறது. எப்படிப் பிறக்கும்? 100 மீட்டர் விழுந்தவள் மணிக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறாள். எஃகுபோன்ற இரு கைகள் அரை மீட்டருக்குள் அவளை நிறுத்தினால் அவள்மீது விழும் விசை அவள் எடையைப்போல் இருநூறு மடங்கு. இத்தனைக்கும் ஏந்துபவன் அசையாமல் நின்றதாகக் கொண்ட கணக்கு இது. அவனோ மேல்நோக்கி வருகிறான்! தரையிலே விழுந்து சாவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஏந்தியவன் அழகன் என்பதைத் தவிர? அவளைக் காக்க வேண்டுமானால், அவள் விழும் வேகத்திலேயே அவனும் கூடவே விழுந்து, பற்றிக்கொண்டு, பிறகு சிறிது சிறிதாக வேகத்தைக் குறைக்க வேண்டும். உண்மையிலே அது இன்னும் அழகான காட்சியாக இருக்குமே!

அதே படத்தின் முடிவில், இறந்துபோன காதலியை மீட்க, உலகைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, பூமியைப் பின்னோக்கிச் சுழல வைக்கிறான். காலம் பின்னோக்கி ஓடுகிறது. கடிகார முள்ளைத் திருப்பிவிட்டால் நேற்று வந்துவிடுமா? பூமி திரும்பிச் சுழன்றால் சூரியன் மேற்கே தோன்றும், அவ்வளவே. அந்தச் சூரியனைக் காண யார் இருப்பார்? நிலநடுக்கோட்டிலே நிற்கும் ஒவ்வொரு பொருளும் பூமியோடு சேர்ந்து மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே சென்றுகொண்டிருக்கிறது. சென்னையிலே இருப்போரும் 1,600க்கு மேல்தான். பூமியை மட்டும் திடுமெனப் பிடித்து நிறுத்தினால், கடலும் மணலும் மாடமாளிகையும் நில்லாமல் கிழக்கு நோக்கிப் பறக்கும். ஒருத்தியை மீட்க உலகத்தையே கொன்றவனாவான் நம் வீரன். ஆக, கணக்கிற்குச் சொந்தநாடு இல்லை. மகிழ்மதிக்கு ஒரு விதி, அமெரிக்காவுக்கு ஒரு விதி என்று அது நடப்பதில்லை.

"அப்படியானால் அரக்கர் கூடாது, பூதம் கூடாது, பறக்கும் கம்பளம் கூடாது என்கிறீரா?" என்று சீறாதீர்கள். கூடாது என்று எவன் சொன்னான்? 1957இல் வந்த 'மாயாபஜார்' எனக்கு மிகவும் பிடித்த படங்களில் ஒன்று. கடோத்கசனாக எஸ்.வி. ரங்காராவ் கல்யாண விருந்தின் முன்னே அமர்வதும், இலட்டுகள் தாமாக எழுந்து அவர் வாய்க்குள் புகுவதும் இன்றைக்குப் பார்த்தாலும் சிரிப்பும் வியப்பும் ஒருங்கே தரும். ஆனால் ஒரு மனிதன் பத்து மடங்கு உயர்ந்தால் என்ன ஆவான் என்று கேட்டுப் பாருங்கள். உயரம் பத்து மடங்கு, அகலம் பத்து மடங்கு, கனம் பத்து மடங்கு. ஆகவே எடை ஆயிரம் மடங்கு. அந்த எடையைத் தாங்கும் எலும்பின் வெட்டுமுகமோ நூறு மடங்குதான். ஒவ்வொரு சதுர அங்குல எலும்பும் முன்னைவிடப் பத்து மடங்கு சுமக்கிறது. மனிதத் தொடையெலும்பு, உடல் எடையைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு சுமையிலே முறியும் என்று எழுதினார் ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற அறிஞர், 1926இல். எனவே அரக்கன் முதல் அடி எடுத்து வைக்கும்போதே கால் முறிந்து விழுவான். யானையின் கால் தூணாகவும், மானின் கால் குச்சியாகவும் இருப்பதன் காரணம் இதுதான். இதற்கு அடிகோலியவர் கலிலியோ. 1638இல் வெளியிட்ட நூலிலேயே அரக்கர் எலும்பைப்பற்றி ஆராய்ந்திருக்கிறார். கதைக்குக் கணக்கு எதற்கு என்று கலிலியோவிடம் சொல்ல எவரும் இல்லாமற்போனது நம் நல்வினை! அந்த ஹால்டேன், பிரிட்டனை விட்டு இந்தியாவுக்கு வந்து குடியேறியதும் 1957இல்தான்; கடோத்கசன் திரையேறிய அதே ஆண்டு. இது ஒரு தற்செயல், வேறொன்றுமில்லை.

கடோத்கசனை அறிந்த பின்னும் கடோத்கசன் எனக்கு இனிக்கிறான். காரணம், நான் அவனுக்கு ஒரு வரம் கொடுத்துவிட்டேன்: "நீ பெரியவனாகலாம், எலும்பு முறியாது" என்று. கதை கேட்கும் ஒரு பொய்யை ஒப்புக்கொள்வதிலே தவறில்லை. ஆனால் எதை ஒப்புக்கொண்டோம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தே கொடுத்தால் அது வரம். தெரியாமல் இழந்தால் அதற்குப் பெயர் வேறு.

அந்த ஒரு பொய்யைத் தந்தபின் மற்றவை உலக நடைப்படி சென்றால், கதையிலே எத்தனை புதுமை பிறக்கிறது! 1933இல் வந்த 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் உடல் முழுவதும் ஒளி ஊடுருவுமாறு ஆகிவிட்டது. சரி, தந்தோம் வரம். ஆனால் பார்வை என்பது என்ன? கண்ணின் உட்சுவரிலே ஒளி பட்டுத் தங்குவது. ஒளி தங்காமல் கடந்து சென்றுவிட்டால்? பிறர் கண்ணுக்குத் தெரியாதவன், தன் கண்ணால் எதையும் காணமாட்டான்! ஊரையே ஆட்டிவைக்கும் ஆற்றல் பெற்றவன், சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறான். இதைவிடப் பெரிய துன்பக்கதையை எந்தப் புலவன் படைத்திருக்கிறான்? இயற்பியல் இலவசமாகத் தருகிறது. வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

வேடிக்கை என்னவென்றால், மாயக்காட்சியைப் படைப்பவன் கணக்கில்லாமல் ஓர் அடியும் எடுத்து வைப்பதில்லை. கோட்டை இடிந்து விழுகிறது திரையிலே. இடிந்தது உண்மையில் மேசைமேல் வைத்த சிறு பொம்மைக் கோட்டை. பதினாறில் ஒரு பங்கு அளவுள்ள பொம்மை என்றால், அதன் கற்கள் விழவேண்டிய தொலைவும் பதினாறில் ஒரு பங்கு. விழும் நேரமோ நான்கில் ஒரு பங்கு. அப்படியே படம் பிடித்தால் 'படக்'கென்று விழும். பொம்மை என்று குழந்தையும் கண்டுகொள்ளும். ஆகவே, நொடிக்கு 24 படம் எடுக்கும் கருவியை 96 படம் எடுக்குமாறு ஓட்டுகின்றனர். திரையிலே நான்கு மடங்கு மெதுவாக, மெய்யான கோட்டைபோலவே, கனத்தோடு சரிகிறது. நம்மை ஏமாற்றியவன் எதைக்கொண்டு ஏமாற்றினான்? கலிலியோ கண்ட வீழ்ச்சி விதியைக்கொண்டு! 'மாயாபஜா'ருக்கு ஒளிப்பதிவு செய்த மார்க்கஸ் பார்ட்லி, ஒளியின் விதி எதையும் கடுகளவும் மீறியவரல்லர், மீறவும் முடியாது. காட்டுபவன் கணக்குப் போடலாம், காண்பவன் மட்டும் போடக்கூடாது என்பது என்ன நியாயம்? வித்தைக்காரன் ஊருக்குச் சொல்லும் நியாயம் அல்லவா அது!

கத்தரிக்கோல் வாதத்துக்கு முழு விடை இன்னும் சொல்லவில்லை. விடை ஒரு சிறுவன் உருவில் இருக்கிறது.

1865இல் ஜூல் வெர்ன் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் நிலவுப் பயணத்தைக் கதையாக எழுதினார். 900 அடி நீளமுள்ள பெரும் பீரங்கி, அதனுள்ளே குண்டு, குண்டுக்குள்ளே மூன்று மனிதர்! சுட்டார்கள், பறந்தார்கள். 1902இல் ஜார்ஜ் மெலியே நிலவுப் பயணத்தைத் திரைப்படமாக்கியபோதும் பீரங்கிதான். குண்டு நிலவின் கண்ணிலே போய்க் குத்திக்கொள்ளும் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். வெர்ன் கதையை வாசித்த பல்லாயிரம் பேரிலே ஹெர்மன் ஓபெர்த் என்ற ஒரு சிறுவனும் உண்டு. 1894இல், இன்று ருமேனியாவில் இருக்கும் ஓர் ஊரிலே பிறந்தவன். கதையில் மயங்கினான்; மயங்கியவன் கணக்கும் போட்டான். நாமும் போட்டுப் பார்ப்போம்.

பூமியின் ஈர்ப்பை விட்டுச் செல்ல நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அதை 900 அடிக்குள், அதாவது 274 மீட்டருக்குள் பெற வேண்டும். அப்படியானால் பயணிமீது விழும் விசை அவன் எடையைப்போல் ஏறத்தாழ 23,000 மடங்கு! 70 கிலோ மனிதன் 1,600 டன் ஆகிறான். பீரங்கி வெடித்த கணத்திலேயே மூவரும் குண்டின் அடித்தளத்திலே பூசிய சாந்தாகிவிடுவர். வெர்ன் இந்த ஆபத்தை அறியாதவரல்லர். தரைக்கடியிலே தண்ணீர் மெத்தை வைத்தார். மூன்றடித் தண்ணீரா 1,600 டன்னைத் தாங்கும்!

பனைமர வீரர் கணக்கும் இந்தப் பீரங்கிக் கணக்கும் ஒன்றுதான் என்பதைக் கவனித்தீர்களா? குறுகிய தொலைவில் பெருவேகம் பெறுவதும், குறுகிய தொலைவில் அதை இழப்பதும் உயிரைக் குடிக்கும். அப்படியானால் வழி? தொலைவை நீட்டு! 274 மீட்டரில் அல்ல, பல நூறு கிலோமீட்டரில், நிமிடக் கணக்கில், சிறிது சிறிதாக வேகம் கூட்டு. பீரங்கி வேண்டாம், எரிந்துகொண்டே செல்லும் ராக்கெட் வேண்டும். கதையில் கண்ட பிழையைத் தொடர்ந்து சென்றவன், 1923இல் கோள்களுக்குச் செல்லும் ராக்கெட்டைப்பற்றி நூல் எழுதினான். 1929இல் பிரிட்ஸ் லாங் 'நிலவில் ஒரு பெண்' என்ற படத்தை எடுத்தபோது அறிவியல் துணைக்கு அழைத்தது அவனைத்தான். ராக்கெட் கிளம்புமுன் எண்களைத் தலைகீழாக எண்ணிக்கொண்டு வரும் பழக்கம், மக்களைத் துடிக்கவைக்க அந்தப் படத்திலே செய்த உத்தி. இன்று ஸ்ரீஹரிகோட்டாவிலும் எண்ணுகின்றனர்! 1969 சூலையில் அப்போல்லோ 11 நிலவுக்குக் கிளம்பியது. ஏறிச் சென்ற மூவர் தாங்கிய விசை, மிகுந்த நேரத்தில்கூடத் தம் எடையைப்போல் நான்கு மடங்குதான். 75 வயது ஓபெர்த், அந்தப் புறப்பாட்டை நேரிலே நின்று பார்த்தார்.

"கதைதானே, கணக்கு எதற்கு?" என்று அந்தச் சிறுவனிடம் யாரேனும் சொல்லி, அவனும் கேட்டுக்கொண்டிருந்தால்?

இத்தனையும் சொன்னபின் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை கோழைத்தனமாகும். கற்பனைக்குள் கணக்கை நுழையவிடாதே என்று நம்மை விரட்டும் கூட்டத்திலே ஒரு பகுதியினர், கணக்கு வீற்றிருக்கும் அவைக்குள் கற்பனையைக் கைப்பிடித்து அழைத்து வந்து ஆசனம் போடுகின்றனர். திரையிலே தேவர்களின் தேர் பறக்கிறது. "எப்படிப் பறக்கிறது?" என்றால், "கலையை ரசிக்கத் தெரியாதவனே!" என்கின்றனர். சரி என்று நாம் வாயை மூடினால், மறுநாள் மேடையேறி, "அன்றே நாம் விமானம் செய்தோம்!" என்கின்றனர். நேற்றுக் கலை, இன்று வரலாறு! 2015 சனவரியில் மும்பையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டிலேயே பழங்கால விமானங்களைப்பற்றிய கட்டுரை படிக்கப்பட்டது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் 'வைமானிக சாஸ்திரம்' என்ற நூலை, 1974இலேயே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐவர் எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்துவிட்டனர். நூல் பழையதன்று, இருபதாம் நூற்றாண்டிலே எழுதப்பட்டது. அதிலுள்ள ஊர்தி எதுவும் பறக்கத்தக்கதன்று. இதுவே அவர்கள் கண்ட முடிவு. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஊர்தி மாநாட்டிலே வந்து இறங்குகிறது என்றால், கணக்குப் போட்டவர் குறைந்தனரா, கணக்கைக் கேட்டவர் குறைந்தனரா?

பறக்கும் தேருக்கும் ஒரு சிறு கணக்கு உண்டு. தேரும் தேவரும் சேர்ந்து 500 கிலோ என்போம். அது அந்தரத்திலே நிற்க வேண்டுமானால், நொடிதோறும் 490 கிலோ காற்றை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கீழே நின்று மலர் தூவும் அடியார்களின் நிலை என்ன? தூவிய மலர் அவர்கள் முகத்திலேயே அறையும், மேலாடை பறக்கும், புழுதி கண்ணை மறைக்கும். ஹெலிகாப்டர் இறங்கும் இடத்திலே நின்றவர்களைக் கேளுங்கள். எந்தப் புராணப் படத்திலும் ஒரு விளக்கும் அணைந்ததை நான் பார்த்ததில்லை.

என் அக்காள் மகனுக்குக் கால் கூடிவிட்டது. இப்போது ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறான். படத்தின் பெயர், காட்சி, விடை என்று கோடு கிழித்து வைத்திருக்கிறான். விடைக்குரிய பகுதி பல இடங்களிலே வெறுமையாக இருக்கிறது. சென்ற ஞாயிறன்று வந்து, "மாமா, எந்த மரம் எவ்வளவு இழுத்தால் முறியும்?" என்றான். நாளிதழைக் கீழே வைத்தேன். வில்தராசு ஒன்றும் கயிறும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குச் சென்றோம். கைக்கெட்டியது முருங்கைதான். கயிற்றைக் கட்டி இழுத்தேன். அவன் முள்ளைப் பார்த்து எண்ணிச் சொன்னான். எட்டு, ஒன்பது, பத்து... பன்னிரண்டு என்றபோது மடாரென்று முறிந்தது கிளை. அடுக்களையிலிருந்து ஓடிவந்த அக்காள், "நாளைக்குக் கீரைக்கென்று விட்டு வைத்திருந்த கிளையடா! அவன்தான் சிறுபிள்ளை, உனக்குமா வேறு வேலை இல்லை?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். பையன் அதைக் கேட்கவே இல்லை. குந்தி உட்கார்ந்து, முறிந்த இடத்தின் குறுக்களவை அடிக்கோலால் அளந்து எழுதிக்கொண்டிருந்தான். எழுதி முடித்தபின், பக்கத்து வீட்டு மூங்கிற்புதரைப் பார்த்தான்.